உச்சிவானத்துக்கு ஒரு செலவுக் கணக்கு

யாழ்ப்பாண நகரம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. தொலைகாட்டி வாங்க நினைப்பவர் கொப்பியின் முதல் வரியில் எழுதவேண்டிய எண் இது. விலையெல்லாம் அதற்குக் கீழேதான் வரும். ஏனென்றால் சந்திரனும் கோள்களும் போய்வரும் பாதை இந்த அகலக்கோட்டில் தலைக்கு மேலாலேயே போகிறது. திருவோணம் உச்சியிலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் கடக்கிறது. திருவாதிரை 2 பாகை 16 கலை தெற்கே, மகம் 2 பாகை 10 கலை வடக்கே. பெகசஸ் கூட்டத்தின் எனிஃப் உச்சிப் புள்ளியிலிருந்து 20 கலை அளவு மட்டுமே தள்ளிப் போகும். அது முழுநிலவின் அகலத்தைவிடக் குறைவு.

இதே கணக்கைக் கோள்களுக்கும் போடலாம். 2025 செப்ரெம்பரில் சனி சூரியனுக்கு நேரெதிரே வந்தபோது வானநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 2 பாகை தெற்கே இருந்தது. யாழ்ப்பாணத்தில் அதன் உச்ச ஏற்றம் 78 பாகை, ரொறன்ரோவில் 44, லண்டனில் 36. 2026 ஜனவரியில் வியாழன் மிதுனத்தில், 22 பாகை வடக்கே நின்றது. இங்கே அது வடபக்கமாக 78 பாகை ஏறியது. சூரியப் பாதையின் ஆகத் தெற்குப் புள்ளியில் ஒரு கோள் நின்றாலும் எங்களுக்கு அது 57 பாகைக்கு ஏறும். லண்டன்காரர் அதை 15 பாகையில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே நின்று நடுங்கும் ஒரு புள்ளியாகத்தான் பார்ப்பார்.

ஆகவே குடாநாட்டில் ஒரு குறுந்தொலைகாட்டி தன் நல்ல நேரத்தையெல்லாம் மூக்கை நிமிர்த்திக்கொண்டுதான் கழிக்கப்போகிறது. அதன் பின்பக்கத்தில், நிலத்தை நோக்கிய துளையில், கண்ணை வைக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன மாட்டுவது, அதற்கு எவ்வளவு செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதே இந்தக் கணக்கு.

முதலில் பொருளைச் சொல்லிவிடலாம். இங்கே பேசப்படுவது மக்சுதோவ்-கசெக்ரேன், சிமிட்-கசெக்ரேன் என்ற இரண்டு வகை ஆடித்தொலைகாட்டிகள். பின்னால் ஒரு குழிவாடி, முன்னால் ஒரு சிறு குவிவாடி, வாயை மூடிய ஒரு கண்ணாடித் தகடு. ஒளி குழாய்க்குள் முன்னும் பின்னுமாக மடிந்து, பெரிய ஆடியின் நடுத்துளையால் வெளியே வருகிறது. 127 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்கைவாச்சர் மக்சுதோவின் குவியத் தூரம் 1500 மில்லிமீற்றர். குழாயின் நீளமோ 35 சென்ரிமீற்றர் அளவு, எடை மூன்றரைக் கிலோவுக்கு உள்ளே. 1970இல் வந்த செலஸ்ட்ரோனின் 8 அங்குலக் குழாய் 203 மில்லிமீற்றர் விட்டம், 2032 மில்லிமீற்றர் குவியத் தூரம், 5.7 கிலோ. குடாநாட்டுக்குள் தொலைகாட்டி வரும் வழி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் பயணப் பெட்டி. 23 கிலோப் பெட்டியில் புடவை, சொக்லேற், மருந்து எல்லாவற்றுக்கும் நடுவில் இடம் கிடைப்பது இந்த இரண்டு வகைக்குத்தான். ஒரு மீற்றர் நீளமுள்ள நியூற்றன் குழாயை யாரும் கொண்டுவரப் போவதில்லை.

இனி டயகனல். தொலைகாட்டியின் பின்துளைக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையில் ஒளியை 90 பாகை திருப்பும் சிறு பெட்டி அது. தண்ணீர்க் குழாய் பொருத்துபவர் மாட்டும் எல்போவைப் போன்றது. உள்ளே 45 பாகை சாய்வில் ஒரு தளவாடி இருக்கும், அல்லது ஒரு செங்கோண அரியம் இருக்கும்.

அதன் பெறுமதியைக் கழுத்தால்தான் அளக்க வேண்டும். வியாழன் 78 பாகையில் நிற்கிறது. டயகனல் இல்லாவிட்டால் பார்வையும் 78 பாகை மேல்நோக்கி இருக்க வேண்டும். அதாவது முற்றத்தில் பாய் விரித்து, முக்காலியின் கால்களுக்கு நடுவில் தலையை விட்டுப் படுக்க வேண்டும். மலிவுத் தொகுதிகள் பலவற்றோடு தரப்படும் 45 பாகை அரியத்தை மாட்டினால் பார்வை 33 பாகை மேல்நோக்கி இருக்கும். ஐந்து நிமிடத்துக்குத் தாங்கலாம், அரை மணிக்குத் தாங்காது. 90 பாகை டயகனலோடு பார்வை கிடைக்கோட்டுக்கு 12 பாகை கீழே போகிறது, மேசையில் புத்தகம் வாசிக்கும் ஆளுக்கு இருப்பதைவிடவும் குறைந்த குனிவு. லண்டனில் சனியைப் பார்ப்பவர் அதே டயகனலுக்குள் 54 பாகை குனிய வேண்டும். எங்களுக்குக் கதிரையில் நிமிர்ந்து இருந்தால் போதும்.

கதிரை என்று சொன்னதும் அதையும் கணக்கில் சேர்க்கிறேன். சாதாரண பிளாஸ்ரிக் கதிரையின் இருக்கை 45 சென்ரிமீற்றர் உயரம், அதில் இருப்பவரின் கண் ஏறத்தாழ 115 சென்ரிமீற்றரில் வரும். பார்வைத்துண்டு அந்த உயரத்துக்கு வருமாறு முக்காலியைச் சரிசெய்தால் கால்களை முழுக்க இழுக்கத் தேவையில்லை. இழுக்காத கால் குறைவாக ஆடும். 150 மடங்கு உருப்பெருக்கத்தில் குழாய் ஒரு கலை ஆடினால் கண்ணுக்குப் படம் இரண்டரைப் பாகை துள்ளும். வைகாசிக்குப் பிறகு சோளகம் பலமாக வீசும் மாதங்களில் நின்றபடி பார்க்கிறவருக்கும் இருந்து பார்க்கிறவருக்கும் தெரிகிற சனி ஒன்றல்ல. குறுங்குழாய்க்கு இங்கே இன்னொரு ஆதாயமும் உண்டு. சுழலும் அச்சிலிருந்து பார்வைத்துண்டு வரை 25 சென்ரிமீற்றர்தான். ஆகவே 33 பாகையில் நிற்கும் பொருளிலிருந்து 78 பாகைப் பொருளுக்குத் திருப்பும்போது பார்வைத்துண்டு ஒன்றரைச் சாண் உயரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். கதிரையை மாற்ற வேண்டி வராது.

ஒளிக் கணக்குக்கு வருவோம். கடைக்காரர் இங்கேதான் காசைக் கறப்பார். சாதாரண அலுமினியப் பூச்சு விழும் ஒளியில் 88 வீதம் அளவைத் தெறிக்கும். குழாய்க்குள் இரண்டு ஆடிகள், 0.88ஐ 0.88ஆல் பெருக்க 0.77. அதே தரத்தில் டயகனல் ஆடி ஒன்றைச் சேர்த்தால் 0.68. பல படலமாக மின்கடத்தாப் பொருள் பூசிய, 99 வீதம் தெறிக்கும் ஆடியைப் போட்டால் 0.77ஆகவே நிற்கும். வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு ஒளி, வானியல் பருமன் அளவில் 0.13. விட்டத்தில் சொன்னால் 127 மில்லிமீற்றர்க் குழாய் 135 ஆன மாதிரி. விளம்பரத்தில் இந்த 99 வீதம்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஆனால் கொப்பியின் முதல் வரியை மறக்கக் கூடாது. கடல்மட்டத்தில் தெளிவான காற்று, உச்சியிலிருந்து வரும் ஒளியில் கால் பருமன் அளவைத் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். 78 பாகையில் நிற்கும் சனியின் ஒளி 1.02 காற்றுத் தடிப்பைக் கடந்து வருகிறது, லண்டனில் 1.68. இந்த வித்தியாசம் 0.16 பருமன். விலை கூடிய பூச்சு தருவதைவிட அகலக்கோடு கூடுதலாகத் தருகிறது, அதுவும் வரியில்லாமல். அத்தோடு ஒளி மட்டுமா? தாழ்ந்த கோளின் படத்தை வளிமண்டலம் வண்ண வண்ணமாக இழுத்துக் குழப்பும். உச்சிக்கருகில் அந்தக் கரைச்சல் ஏறத்தாழ இல்லை.

அப்படியானால் மலிவு ஆடி டயகனலே போதுமா? இங்கேதான் என் கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. குடாநாட்டில் எந்த முற்றமும் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகுதூரத்தில் இல்லை. வாடை வீசினாலும் சோளகம் வீசினாலும் காற்றில் உப்பு இருக்கும். குழாய்க்குள் இருக்கும் இரண்டு ஆடிகளையும் முன் தகடு ஓரளவு காப்பாற்றும். டயகனல் ஆடிக்கு அந்தக் காவல் இல்லை. பார்வைத்துண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் முகம் வெளிக்காற்றைக் காண்கிறது. மேலே எதுவும் பூசாத அலுமினியமும் உப்பும் ஒத்துப்போகாது. துடைத்தால் பூச்சு கீறும், துடைக்காவிட்டால் புள்ளி விழும். மின்கடத்தாப் பூச்சு கடினமானது, துடைப்பைத் தாங்கும். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த ஆயுளுக்காக. 0.13 பருமனுக்காக அல்ல.

அரியம் இன்னும் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த முழுவுட்டெறிப்புத்தான் அதில் வேலை செய்கிறது. ஒளி கண்ணாடிக்கு உள்ளேயே திரும்புகிறது, தெறிக்கும் முகத்துக்குப் பூச்சே வேண்டாம். உள்நுழையும், வெளியேறும் இரண்டு முகங்களிலும் நல்ல தெறிப்பெதிர்ப்புப் பூச்சு இருந்தால் மொத்த இழப்பு இரண்டு மூன்று வீதத்தோடு நிற்கும். அரியத்தின் மேல் வழமையாகச் சொல்லப்படும் குறை, அது நிறப்பிரிகையைக் கொண்டுவரும் என்பது. குவிய விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 5 அல்லது 6 ஆக உள்ள குட்டைக் குழாய்களில், கூர்மையாகச் சரிந்து வரும் ஒளிக்கூம்பில், அது உண்மை. மக்சுதோவின் விகிதம் 12. அந்த ஒடுங்கிய கூம்புக்கு அரியம் ஒரு தீங்கும் செய்யாது. வெளிநாட்டு விலைகளில் ஒன்றேகால் அங்குல அரிய டயகனல் 50 டொலர் அளவுக்குக் கிடைக்கிறது. மின்கடத்தாப் பூச்சுள்ள ஆடி 70 முதல் 120 டொலர் வரை.

இடம்வலம் பற்றியும் சொல்லவேண்டும். குழாயின் இரண்டு ஆடிகளோடு டயகனல் சேரும்போது தெறிப்பு மூன்றாகிறது, ஒற்றைப்படை. படம் நிமிர்ந்து தெரியும், ஆனால் இடமும் வலமும் மாறிவிடும். வளர்பிறை எட்டாம் நாள் சந்திரனைக் காட்டியபோது பக்கத்து வீட்டு அம்மம்மா ஒருத்தர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “வெளிச்சம் மேற்குப் பக்கமல்லோ தம்பி, இதுக்குள்ளை மற்றப் பக்கமா நிக்குது?” வானவியல் படித்த பலர் இதைக் கேட்டதில்லை. நிலவு வரைபடத்தோடு ஒப்பிட விரும்புபவர் இடம்வலம் மாற்றி அச்சிட்ட படத்தை வைத்துக்கொள்வது நல்லது. கூரை அரியம் போட்டால் படம் நேராகும், ஆனால் கூரையின் விளிம்பு பிரகாசமான நட்சத்திரங்களின் குறுக்கே ஒரு கோடு கிழிக்கும். பகலில் சுண்டிக்குளத்தில் பூநாரை பார்க்கப் போகிறவருக்குத்தான் அது சரி. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான அந்த இடத்தில், கிடையாக நோக்கும் குழாய்க்கு 45 பாகை வளைவும் போதும்.

அடுத்த சபலம் 2 அங்குலம். தடித்த டயகனல், கைப்பிடியளவு பார்வைத்துண்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். கணக்கு என்ன சொல்கிறது? ஒன்றேகால் அங்குலக் குழலில் பார்வைப்புலத்தைத் தீர்மானிக்கும் வளையம் ஆகக்கூடியது 27 மில்லிமீற்றர். 1500 மில்லிமீற்றர்க் குவியத் தூரத்தில் அது 1.03 பாகை வானம், இரண்டு முழுநிலவு அகலம். 2 அங்குலத்தில் வளையம் 46 மில்லிமீற்றர்; தாளில் 1.75 பாகை. தாளில் மட்டும். 127 மக்சுதோவின் நடுத்துளைக் குழலே 27 மில்லிமீற்றர் அளவுதான், அதைத் தாண்டி வரும் விளிம்பு வானம் இருண்டுதான் வரும். ஆடி டயகனல் 170, அகலப் பார்வைத்துண்டு 150, இணைப்பி 30 என்று 350 டொலரைக் கொடுத்து அந்த இருட்டை வாங்க வேண்டுமா? கார்த்திகைக் கூட்டம் இரண்டு பாகை வரை பரந்து கிடக்கிறது, இந்தக் குழாயில் அது எப்படியும் அடங்காது. அதற்கு 7×50 இருகண் நோக்கி இருக்கிறது, புலம் 7 பாகை.

8 அங்குலக் குழாயில் கேள்வி கொஞ்சம் நியாயமானது. 27 மில்லிமீற்றர் வளையம் அங்கே 0.76 பாகையைத்தான் தரும். ஆனால் இந்த வகைக் குழாய்களின் ஒரு குணத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. குவியத்தைச் சரிசெய்யும்போது நகர்வது பிரதான ஆடி. பின்னால் ஒளிப்பாதையை நீட்டினால் ஆடி முன்னே போகவேண்டும், அப்போது குவியத் தூரமே கூடிவிடும். 8 அங்குலத்தில் பாதை ஒரு மில்லிமீற்றர் நீண்டால் குவியத் தூரம் 3 மில்லிமீற்றர் அளவு கூடும். ஒன்றேகால் அங்குல டயகனலின் பாதை 70 மில்லிமீற்றர், 2 அங்குலத்தினுடையது 110. கூடுதல் 40ஐ மூன்றால் பெருக்க 120. 2032 என்று விற்ற குழாய் 2150 ஆகிறது. 46 மில்லிமீற்றர் வளையம் இப்போது 1.23 பாகை. நடுக்குழல் 38 மில்லிமீற்றர் அளவு என்பதால் நிறைவெளிச்சம் உள்ள பகுதி ஒரு பாகைதான். மறுபக்கம், 0.63 மடங்கு குவியக் குறைப்பியை மாட்டினால் குவியத் தூரம் 1280 ஆகும். அப்போது பழைய ஒன்றேகால் அங்குலப் பார்வைத்துண்டே 1.21 பாகையைக் காட்டும். குறைப்பியின் விலை 150 டொலர் அளவு, 2 அங்குலத் தொகுதி 300க்குக் குறையாது. கிடைக்கும் வானம் ஒன்றுதான்.

விலையைவிடப் பெரிய தடை தாங்கியில் இருக்கிறது. ஒற்றைக் கை அல்லது கவைத் தாங்கியில் குழாய் நிமிர நிமிரப் பின்பக்கம் அடித்தட்டை நோக்கி இறங்கும். நீண்ட டயகனல் தட்டில் முட்டும். முட்டாமலிருக்க மோட்டருக்கு 75 பாகை எல்லை வைக்கச் சொல்வார்கள். 75 பாகைக்கு மேலுள்ள வானம் கண்ணுக்குத் தெரியும் வானத்தில் 3.4 வீதம் மட்டுமே. ரொறன்ரோவில் அதை விட்டுக்கொடுப்பது இலேசு. இங்கே அந்த 3.4 வீதத்துக்குள்தான் வியாழனும் சனியும் உச்சம் தொட்டன. 2025இன் சனி ஓரிரவில் 75 பாகைக்கு மேலே நின்ற நேரம் 1 மணி 16 நிமிடம். படம் ஆகத் தெளிவாயிருக்கும் அந்த நேரத்தை 2 அங்குலத்துக்காக இழப்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். குட்டை அரியத்தை மாட்டி, குழாயைத் தாங்கியில் சற்று முன்னே தள்ளிப் பூட்டினால் தட்டுக்கும் டயகனலுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி வரும். அந்த இடைவெளியைப் பகலிலேயே கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் நடுவரைத் தாங்கி வாங்கலாமா என்று கேட்பவருக்கு ஒரு எண்: துருவ நட்சத்திரம் இங்கே 9.7 பாகை உயரத்தில் நிற்கிறது. அதன் ஒளி ஆறு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும், வடக்கே ஒரு பனை வடலி இருந்தால் அதுவும் இல்லை. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் பல சிறிய தாங்கிகளில் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். கண்ணை வைத்துப் பார்க்க மட்டும் என்றால், கிடையும் குத்துமாகத் திரும்பும் தாங்கியே போதும்.

இனி ரூபாய். வசதிக்காக ஒரு டொலரை 300 ரூபாய் என்று எடுக்கிறேன். ஒரு 127 மக்சுதோவுக்கு நான் போடும் பட்டியல் இது:

ஒன்றேகால் அங்குல அரிய டயகனல், 50 டொலர்: 15,000 ரூபாய்
32 மில்லிமீற்றர் பிளொசல் பார்வைத்துண்டு, 40 டொலர்: 12,000
10 மில்லிமீற்றர் அகலப்புலப் பார்வைத்துண்டு, 60 டொலர்: 18,000
சூரிய வடிப்படலம், ஏ4 அளவு ஒரு தாள், 30 டொலர்: 9,000
கூட்டுத்தொகை: 54,000

இறக்குமதித் தீர்வை பொருளின் தலைப்புக்கேற்ப மாறும். அதற்கு மேலே எல்லோருக்கும் விழும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 54,000க்கு அது மட்டும் 9,720. 2022 பெப்ரவரியில் இந்த 180 டொலர்ப் பட்டியல் 36,500 ரூபாயில் முடிந்திருக்கும். மே மாதத்தில் அதே பட்டியல் 65,000ஐத் தொட்டது. பட்டியலில் எதுவும் மாறவில்லை, மாறியது ரூபாய். மாமாவின் பெட்டிக்கு மவுசு கூடியதும் அந்த வருடத்தில்தான்.

32 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு இந்தக் குழாயில் 47 மடங்கு பெருக்கும், சந்திரன் முழுதாக அடங்கி ஓரத்தில் இடமும் மிஞ்சும். 10 மில்லிமீற்றர் 150 மடங்கு. சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், அல்பா சென்ரோறி என்ற இரட்டை எல்லாவற்றுக்கும் அது போதும். ஒழுங்கான காற்றில் 254 மடங்கு வரை போகலாம் என்று விட்டத்தின் இருமடங்கு விதி சொல்கிறது. மூன்றாவது பார்வைத்துண்டை ஒரு வருடம் கழித்து வாங்கலாம். தொகுதியோடு வரும் இருமடங்கு பார்லோ வில்லையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். குவிய விகிதம் ஏற்கெனவே 12, அதை 24 ஆக்கி ஒரு லாபமும் இல்லை.

உள்ளூரில் முடிகிற செலவு இரண்டு. முதலாவது பனி. மார்கழி, தை இரவுகளில் வானத்தை நோக்கிய முன் தகட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஈரம் படிந்துவிடும். கடையில் பனிமறைப்பு 30 டொலர். இங்கே கறுப்பு ஃபோம் விரிப்பு ஒன்றின் துண்டு சில நூறு ரூபாய். குழாயின் வெளிவிட்டம் 145 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 456. ஒட்டுவதற்கு 34 சேர்த்து 49 சென்ரிமீற்றர் நீளம், 22 அகலம் வெட்டினால் போதும். உள்பக்கம் மினுங்கினால் அதற்குக் கறுப்புத் துணி ஒட்ட வேண்டும். இரண்டாவது பூஞ்சணம். ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல் நிற்கும் அலுமாரியில் வில்லைகளில் நூல் நூலாக அது ஓடும். பூச்சைத் தின்ற பிறகு துடைத்துப் பயனில்லை. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியும், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மாதங்களில் தொலைகாட்டி அந்தப் பெட்டிக்குள்தான் வாழும். நிறம் மாறிய ஜெல்லை வெயிலில் காயவைப்பது போதாது, அடுப்புச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தெடுக்க வேண்டும்.

இன்னொரு வரவு: மூடிய குழாய் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தால்தான் படம் அமைதியாகும். ரொறன்ரோக் குளிரில் வீட்டுக்குள் 21, வெளியே கழித்தல் 10 என்றால் 31 பாகை இறங்க வேண்டும், மக்சுதோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். எங்கள் விறாந்தைக்கும் முற்றத்துக்கும் மூன்று நான்கு பாகைதான் வித்தியாசம், ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் குழாய் ஆயத்தம். குளிரூட்டிய அறையில் வைத்திருப்பவருக்கு மட்டும் கதை மாறும், வெளியே கொண்டுவந்த கணமே தகடு வியர்த்துவிடும்.

மின்சாரம் சிறு தொகை. மோட்டர்த் தாங்கிகள் பல எட்டு ஏஏ பற்றரி கேட்கும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று ஓரிரவை இலகுவாக ஓட்டும். 1990களில் பற்றரி குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள். சயிக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்த வருடங்களில் மேலே வானம் எவ்வளவு கருமையாயிருந்தது என்பது அப்போது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பார்க்கத்தான் ஒரு குழாயும் இல்லை.

இந்த மண்ணில் வானத்தைக் கணக்கிட்டவர்கள் குழாயை நம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் வானியல் பாடமாக இருந்தது. அங்கே கற்பித்த ஹொய்சிங்ரன் இந்துக் கணிதவானியல் முறையை விளக்கும் நூலை 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். காரைநகரைச் சேர்ந்த அலன் ஆபிரகாம் 1910இல் ஹலி வால்வெள்ளியின் வருகையைக் கணித்தவர், யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதமும் வானியலும் படிப்பித்து லண்டன் றோயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானவர். நாட்டின் பெரிய பொதுத் தொலைகாட்டி, ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் கசெக்ரேன், 1996 முதல் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கிறது. இங்கிருந்து 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் முற்றத்திலுள்ள 127 மில்லிமீற்றர் கையிலுள்ள வெண்ணெய்.

வைகாசி முன்னிரவில் தெற்கே ஓமேகா சென்ரோறி 33 பாகைக்கு ஏறும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் அது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. 32 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டில் நிலவளவு பரந்த மாக்கோலம் மாதிரி அது தெரியும்போது மாமா தன் பெட்டியை மறந்து கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

பட்டியலின் கடைசி 9,000 ரூபாய், சூரிய வடிப்படலத்துக்கு. 2010 ஜனவரி 15இல் குடாநாட்டின் மேலே வளையக் கிரகணம் விழுந்தது, வளையம் பத்து நிமிடமளவு நின்றது. 2019 டிசெம்பர் 26 காலை ஒன்பதரை அளவில் இன்னொன்று, மூன்று நிமிடமளவு. பத்தாண்டுக்குள் இரண்டு வளையங்கள் ஒரே ஊருக்கு வாய்ப்பது அரிது. படலம் சூரிய ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அதைக் குழாயின் வாயிலேயே கட்ட வேண்டும். பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி பழைய பெட்டிகளில் இருந்தால் உடைத்து எறியுங்கள், குழாய் குவித்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். 20க்கு 29 சென்ரிமீற்றர்த் தாளில் 127 குழாய்க்கு ஒரு 16 சென்ரிமீற்றர் வட்டம் போக, ஓரத்தில் 29க்கு 4 சென்ரிமீற்றர் துண்டும், இன்னொரு பக்கம் 13 சென்ரிமீற்றர் அகலத் துண்டும் மிஞ்சும். அதில், குழாயின் மேலே பூட்டியிருக்கும் சிறு தேடுநோக்கிக்கு ஒரு மூடி வெட்ட வேண்டும். தேடுநோக்கியை மறந்துவிடுபவர்கள் அதிகம், அதன் 30 மில்லிமீற்றர் வில்லையும் சட்டையைப் பொசுக்கும்.

2027 ஓகஸ்ட் 2 மாலை, சூரியன் மேற்கே இறங்கும் வேளையில், பகுதிக் கிரகணம் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து தெரியும். அன்று குழாய் 20 பாகை அளவில்தான் நிமிர்ந்திருக்கும். 90 பாகை டயகனலோடு 70 பாகை குனிய வேண்டும், சிறுபிள்ளைகளுக்கு அது நல்லது, உயரமானவர்களுக்கு முதுகு நோகும். அவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்வைத்துண்டை நேரே மாட்டலாம். பிரதான ஆடி நகர்ந்து அந்த 70 மில்லிமீற்றரை ஈடுசெய்துவிடும், குமிழைப் பல சுற்றுத் திருப்ப வேண்டியிருக்கும் அவ்வளவுதான். படலம் மட்டும் வாயிலேயே இருக்கட்டும்.